கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளரின் பணிவாழ்வை எதைக் கொண்டு அளப்பது? கரீடோவா, மார்ட்டினா?

தாம்பரம் பயிற்றுநர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் தென்பகுதியிலுள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 11 ஆண்டுகளாக உடற்கல்வித் துறையில் பணியாற்றி வருகிறேன். கிரிக்கெட்டையும் கைப்பந்தையும் கவனிக்க மூத்தவர்கள் இருப்பதால், சாஃப்ட்பால் அணியும் பேஸ்பால் அணியும் நான் சேர்ந்த நாளிலிருந்தே என் பொறுப்பில் இருக்கின்றன. அடுத்த மாதம் தர மதிப்பீட்டுக் குழு வரவிருக்கிறது. அதற்காக ஒவ்வொருவரும் தம் பணியை ஒரே பக்கத்தில் எழுதித் தரவேண்டும் என்று நிர்வாகம் ஒரு படிவம் கொடுத்திருக்கிறது. அதில் பயிற்சியாளர்களுக்கென இருப்பது ‘வென்ற கோப்பைகள்’ என்னும் ஒரே கட்டம். பேஸ்பாலைப் பொறுத்தவரை அந்தக் கட்டத்தில் எழுத என்னிடம் இருப்பது கல்லூரிகளுக்கிடையிலான போட்டியொன்றில் பெற்ற இரண்டாமிடம் மட்டுமே.

படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, இந்த ஆட்டம் பிறந்த நாட்டில் கல்லூரிப் பயிற்சியாளர்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இருவருடைய வரலாறு மனத்தில் தங்கிவிட்டது. ஒருவர் ஆகி கரீடோ. 1969 முதல் 2016 வரை 48 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, 1975 ஆட்டங்களில் வென்று, 5 முறை தேசியப் பட்டம் பெற்றவர். மற்றவர் மைக் மார்ட்டின். 1980 முதல் 2019 வரை 40 பருவங்களும் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றிலேயே இருந்து, 2029 ஆட்டங்களில் வென்றவர். இறுதிச் சுற்று நடைபெறும் ஒமாஹா நகருக்குத் தம் அணியை 17 முறை அழைத்துச் சென்று, 17 முறையும் பட்டமின்றித் திரும்பியவர். எங்கள் படிவத்தை அவரிடம் கொடுத்திருந்தால், தேசியப் பட்டம் என்ற வகையில் அவரும் ஒன்றும் எழுதியிருக்க முடியாது.

என் கேள்வி இதுதான். இவ்விருவரில் யாருடைய பணிவாழ்வு பெரிதென்று நீங்கள் கருதுகிறீர்கள்? எதைக் கொண்டு அப்படிக் கருதுகிறீர்கள்? அங்கே வாழ்ந்தவர்களும் இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களும் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

அடையாறு வாசகர் எழுதிய பதில்:

ஐயா, 2001 முதல் 2010 வரை பணி நிமித்தமாக ஆஸ்டின் நகரில் வசித்தேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டிஷ்-ஃபாக் திடல் நாங்கள் குடியிருந்த இடத்திலிருந்து சிறிது தொலைவுதான். சேப்பாக்கத்தில் ரஞ்சி ஆட்டம் பார்த்து வளர்ந்த எனக்கு, பிப்ரவரியில் பருவம் தொடங்கியதும் மாலை வேளைகளில் போய் உட்கார அந்தத் திடல்தான் கிடைத்தது. அங்கே ஆடுகளத்தின் ஓரத்தில் நின்றிருந்தவர் கரீடோ. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

5 பட்டங்கள் என்ற எண்ணிக்கையைவிட, அவற்றை அவர் எந்த இடத்திலிருந்து வென்றார் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். 1939இல் கலிபோர்னியாவின் வலேஹோவில் பிறந்த அவர், ஃபிரெஸ்னோ மாநிலக் கல்லூரிக்காக ஆடி, 1959இல் வீரராகவே ஒமாஹாவைப் பார்த்துவிட்டவர். சிலகாலம் கீழ்நிலைத் தொழில்முறை ஆட்டங்களில் இருந்துவிட்டு, சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் ஓராண்டும், சான் லூயிஸ் ஒபிஸ்போவிலுள்ள ‘கால் பாலி’ என்னும் கல்லூரியில் மூன்றாண்டுகளும் பயிற்சியாளராக இருந்து, 1973இல் ஃபுல்லர்ட்டனுக்கு வந்தார். அது மாணவர்கள் வீட்டிலிருந்து வந்து படித்துவிட்டு வகுப்பு முடிந்ததும் வீடு திரும்பும் வகைக் கல்லூரி. நம் ஊரில் மின்சார ரயிலில் வந்து போகும் மாணவர்களைக் கொண்டே நடக்கும் கல்லூரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து லாஸ் ஏஞ்சலஸிலோ, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ராட் டேடோ என்ற மாபெரும் பயிற்சியாளர் 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து முறை தேசியப் பட்டம் வென்றிருந்தார். அந்த வட்டாரத்தில் பந்தைப் பிடிக்கத் தெரிந்த ஒவ்வொரு பள்ளி மாணவனும் முதலில் போக விரும்பும் இடம் எதுவாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபுல்லர்ட்டன் 1975இல்தான் கல்லூரி ஆட்டத்தின் உயர்மட்டமான முதல் பிரிவுக்குள் நுழைந்தது. நுழைந்த அந்த ஆண்டிலேயே கரீடோ அதனை ஒமாஹாவுக்கு அழைத்துச் சென்றார். நான்கே ஆண்டுகளில், 1979இல், இறுதி ஆட்டத்தில் ஆர்கன்சாவை 2-1 என்று வென்று பட்டம் கொண்டுவந்தார். 1984இல் டெக்சாஸை வென்று மறுபடியும் பட்டம். அதன்பின் இல்லினாய் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, பருவத்தின் தொடக்கத்தில் பனி விலகாத அந்த ஊரில் மூன்றாண்டுகள் இருந்துவிட்டு, 1991இல் ஃபுல்லர்ட்டனுக்கே திரும்பினார். 1995ஆம் ஆண்டு அணி 57 ஆட்டங்களில் வென்று 9 ஆட்டங்களில் மட்டுமே தோற்றது. அதுவே அவருடைய மூன்றாவது பட்டம்.

டெக்சாஸில் அவருடைய தொடக்க ஆண்டுகளை ஆஸ்டின்வாசிகள் சொல்லக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். 1968 முதல் அங்கே பயிற்சியாளராக இருந்த கிளிஃப் கஸ்டாஃப்சன் இரண்டு பட்டங்களும் எண்ணற்ற வெற்றிகளும் பெற்று விலகிய இடத்துக்கு 1997 பருவத்தில் வந்தவர் கரீடோ. இரண்டாம் ஆண்டில் அணியின் தோல்விகள் வெற்றிகளைவிட மிகுந்தன. வெளிமாநிலத்துக்காரர், தங்கள் வழக்கம் புரியாதவர் என்றெல்லாம் அப்போது பேசியவர்களே, 2000இல் அணி ஒமாஹா போனபோதும், 2002இலும் 2005இலும் பட்டம் வென்றபோதும் கண்கலங்கியதாகப் பின்னாளில் என்னிடம் சொன்னார்கள். இரு வேறு பல்கலைக்கழகங்களுக்குத் தேசியப் பட்டம் பெற்றுத் தந்த முதல் பயிற்சியாளர் அவர். எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள், இரண்டாயிரத்துக்குப் பின் என நான்கு பத்தாண்டுகளிலும் பட்டம் வென்றிருக்கிறார்.

அவர் ஆட்டத்தை நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் ‘பண்ட்’ என்றொன்று உண்டு; மட்டையை வீசாமல் குறுக்காகப் பிடித்து, பந்தைக் காலடியிலேயே விழும்படி மெல்லத் தட்டுவது. தான் அவுட் ஆவது ஏறத்தாழ உறுதி என்று தெரிந்தே, முன்னால் நிற்கும் ஓட்டக்காரர் ஒரு தளம் முன்னேறட்டும் என்று தட்டுவது அதில் ஒரு வகை. ஒன்பது இன்னிங்ஸில் ஓர் அணிக்கு இருப்பது 27 அவுட்டுகள்தான் என்பதால், அவற்றில் ஒன்றை விரும்பிக் கொடுப்பது நட்டம் என்று புள்ளிவிவர ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அவர்கள் கணக்கு பெரும்பாலும் சரியே. ஆனால் 1974 முதல் அலுமினிய மட்டையைக் கொண்டு எல்லாரும் ஓங்கி அடித்துப் பழகிவிட்ட கல்லூரி ஆட்டத்தில், ஓர் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் கரீடோ அணியின் சிறந்த மட்டையாளர் தயக்கமின்றிப் பண்ட் செய்துவிட்டுத் திரும்பியதையும், வெளியே உட்கார்ந்திருந்த மொத்த அணியும் எழுந்து நின்று அவரை வரவேற்றதையும் நான் கண்ணால் பார்த்தேன். 20 வயது இளைஞர்களை அப்படி ஆட வைப்பது எளிதன்று. என் வாக்கு கரீடோவுக்கே.

நந்தனம் பழைய மாணவர் எழுதிய பதில்:

தம்பி, நான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்து, 33 ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். அடையாறு நண்பர் கரீடோவைப் பற்றி எழுதியதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் நான் மார்ட்டின் பக்கம் நிற்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

முதலில் கல்லூரிப் பயிற்சியாளரின் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். அமெரிக்காவில் நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த பேஸ்பால் வீரரைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அவர் மூன்றாம் ஆண்டை முடித்திருக்க வேண்டும் அல்லது 21 வயதை எட்டியிருக்க வேண்டும். அதனால் நல்ல வீரர் எவரும் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்குவதில்லை. அதிலும் மிகச் சிறந்தவர்கள் சிலர், கல்லூரிக்கு வருவதாக ஒப்புக்கொண்ட பிறகும், பள்ளி முடித்தவுடன் பணம் பெற்றுக்கொண்டு தொழில்முறைக்குப் போய்விடுவார்கள். நம்முடைய பி.ஏ., பி.காம். மாணவர்களும் மூன்றே ஆண்டுகள்தானே இருக்கிறார்கள்? முதலாண்டு முழுவதும் கையும் காலும் ஒத்துழைக்காமல் கழியும். இரண்டாமாண்டில் ஆட்டம் பிடிபடும். மூன்றாமாண்டில் இவனைக் கொண்டு எதையும் சாதிக்கலாம் என்று நாம் நினைக்கும்போது பிரிவுபசார விழா வந்துவிடும். 40 ஆண்டுகள் என்றால் மார்ட்டின் ஏறத்தாழ 13 முறை தம் அணியை அடியிலிருந்து கட்டியிருக்கிறார். அந்த 40 ஆண்டுகளில் ஓராண்டுகூட அவருடைய அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெறத் தவறியதில்லை. எந்தப் பருவத்திலும் 40 வெற்றிகளுக்குக் கீழே இறங்கியதுமில்லை.

இதற்குள் உதவித்தொகைக் கணக்கு வேறு இருக்கிறது. அவருடைய பிற்காலம் முழுவதும், ஒரு பேஸ்பால் அணிக்குத் தரக்கூடியது 11.7 முழு உதவித்தொகைகள் மட்டுமே என்பது விதி. 2025இல்தான் அது மாறி, அணிக்கு 34 பேர் என்ற உச்சவரம்பு முன்னுக்கு வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அந்தத் தொகையைப் பாதியாகவும் கால்பங்காகவும் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசி, மீதிக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள், பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அழைத்து வருவதும் பயிற்சியாளரின் வேலைதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஓர் இடத்தைப் பெற முதல்வர் அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அடுத்து, பட்டம் என்பதைப் பற்றி. தேசியப் போட்டியில் 64 அணிகள். வட்டாரச் சுற்றில் குறைந்தது 3 வெற்றி, அடுத்த சுற்றில் 2, ஒமாஹாவில் எட்டு அணிகளுக்குள் 3, இறுதியில் மூன்று ஆட்டத் தொடரில் 2 என 10 வெற்றிகள் வேண்டும். இடையில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தோல்விக்குத்தான் இடமுண்டு. மார்ட்டின் தம் வாழ்நாளில் நான்கு ஆட்டங்களுக்கு மூன்று என்ற அளவை நெருங்கி வென்றவர். கரீடோ மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் வென்றவர். நான்குக்கு மூன்று வெல்லும் அணிகூட, தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வெல்லும் வாய்ப்பு பாதிக்கும் குறைவே. அதுவும் ஒமாஹாவில் எதிரே நிற்பவர்கள் அனைவரும் தத்தம் வட்டாரத்தை வென்று வந்தவர்கள். 1986 இறுதி ஆட்டத்தில் அரிசோனாவிடமும், 1999 இறுதி ஆட்டத்தில் மயாமியிடம் 6-5 என்ற கணக்கிலும் மார்ட்டின் தோற்றார். அந்த ஒற்றை ஓட்டம் மாறி விழுந்திருந்தால் நாம் இன்று இந்தக் கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

அவர் வாழ்க்கையின் தொடக்கமும் எனக்குப் பிடிக்கும். தாம் பின்னாளில் பயிற்சி தந்த அதே பல்கலைக்கழகத்துக்காக 1965இல் ஒமாஹாவில் ஆடியவர். தல்லஹாசி சமுதாயக் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளராகவும் இருந்திருக்கிறார். கிடைத்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து வாழ்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு அது அன்னியமன்று. 1975 முதல் உதவிப் பயிற்சியாளர். 1979இல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டிக் ஹவுசர் நியூயார்க் யாங்கீஸ் அணியின் மேலாளராகப் போனதும் அந்த இடம் மார்ட்டினுக்கு வந்தது. வந்தவர், 75 வயதில் ஓய்வு பெறும்வரை அவ்விடத்தை விட்டு நகரவில்லை. அவர் சட்டையின் எண்ணான ‘பதினொன்று’ என்பதே மாணவர்கள் அவரை அழைக்கும் பெயராகிவிட்டது.

ஒன்றை மட்டும் அடையாறு நண்பருக்காகச் சொல்கிறேன். கரீடோ 2018 மார்ச்சில் காலமானார். அவருடைய 1975 வெற்றிகள் என்ற எண்ணிக்கையை மார்ட்டின் கடந்தது அதே ஆண்டு மே மாதத்தில். இருவரையும் எதிரெதிர்த் தட்டில் வைப்பது நமக்கு வசதிக்காகத்தான். அந்த ஆட்டத்தில் ஒருவர் வைத்த படியில் மற்றவர் கால் வைத்து ஏறினார்.

உங்கள் படிவத்துக்கு வருகிறேன். நான் படித்த கல்லூரியை 1920இல் சென்னையில் தொடங்கிய ஹாரி குரோ பக் ஓர் அமெரிக்கர். அவர் எத்தனை கோப்பை வென்றார் என்று நாங்கள் எவரும் கேட்டதில்லை. அவரிடம் பயின்றவர்கள் எந்தெந்தப் பள்ளிக்குப் போனார்கள், அங்கே யாரை உருவாக்கினார்கள் என்று எங்கள் ஆசிரியர்கள் வரிசையாகச் சொல்வார்கள். கட்டம் சிறிதாக இருந்தால் தனித்தாளை இணைத்துவிடுங்கள். உங்களிடம் ஆடியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

கீழ்ப்பாக்கம் பிசியோ எழுதிய பதில்:

வணக்கம். நான் விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் லீக் கிரிக்கெட் ஆடும் வேகப்பந்து வீச்சாளர்கள். ஈட்டி எறிபவர்களும் கைப்பந்து வீரர்களும் சிலர். நீங்கள் இருவரும் வெற்றியையும் பட்டத்தையும் மூன்றாண்டுக் காலத்தையும் பேசினீர்கள். பயிற்சியாளரின் பணிவாழ்வை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் வேறொன்று: அவரிடம் மூன்றாண்டுகள் இருந்த மாணவரின் தோள் அதற்குப் பிறகு எப்படி இருக்கிறது என்பது.

கரீடோவைப் பற்றிப் பேசும்போது 2009 மே 30ஆம் நாளை விட்டுவிட முடியாது. தேசியப் போட்டியின் வட்டாரச் சுற்றில் டெக்சாஸும் பாஸ்டன் கல்லூரியும் மோதிய ஆட்டம் 25 இன்னிங்ஸ் நீண்டது. கல்லூரி பேஸ்பால் வரலாற்றிலேயே நீண்ட ஆட்டம். 7 மணி நேரத்துக்கும் மேல் நடந்து, டெக்சாஸ் 3-2 என்று வென்றது. அதில் ஏழாவது இன்னிங்ஸில் உள்ளே வந்த ஆஸ்டின் வுட் என்ற இடக்கை பிட்சர் 13 இன்னிங்ஸ் வீசினார், 169 பந்துகள். முந்தைய நாளும் அவர் வீசியிருந்தார். அந்த 13 இன்னிங்ஸில் முதல் பன்னிரண்டிலும் எதிரணிக்கு ஓர் அடிகூடக் கிடைக்கவில்லை என்பதால், அது வீரச்செயலாகவே இன்றும் பேசப்படுகிறது. வீரம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவருடைய வயதுக்கு ஒரே நாளில் எவ்வளவு வீசலாம்? அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் நிர்வாகமே 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 19 முதல் 22 வயதுவரை ஒரு நாளுக்கு 120 பந்துகள் என்றும், 17, 18 வயதினருக்கு 105 என்றும் வரம்பு வைக்கிறது. அந்த வழிகாட்டுதல் 2009இல் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்தால் என்ன ஆகும் என்பது 1974இல் டாமி ஜான் என்னும் பிட்சருக்கு முதன்முதலாக அந்த அறுவைச் சிகிச்சை நடந்த நாளிலிருந்தே அந்த ஆட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

கரீடோ மட்டும் இப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கல்லூரிப் போட்டியின் அமைப்பே இதற்கு இடமளிக்கிறது. வார இறுதியில் மூன்று நான்கு ஆட்டங்கள், தோற்றால் பருவமே முடிந்துவிடும், நாளை என்பதில்லை. தொழில்முறை அணிக்கு ஒரு பிட்சரின் தோள் பல ஆண்டு முதலீடு. கல்லூரிப் பயிற்சியாளருக்கு அந்தத் தோள் ஜூன் மாதத்தோடு போய்விடப் போகிறது. பெரியவர் சொன்ன அந்த மூன்றாண்டுக் கணக்கின் மறுபக்கம் இது. போய்விடப் போகிறவரின் உடலைப் போகாதவரின் உடலைப் போலப் பார்த்துக்கொள்வாரா என்பதில்தான் பயிற்சியாளரை நான் எடைபோடுவேன்.

மார்ட்டினிடமிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டும். பஸ்டர் போசி அவரிடம் ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கிடையே நின்று பந்தைத் தடுப்பவராக வந்தவர். இரண்டாம் ஆண்டில் அவரைக் கேட்சராக்கினார்கள். பிட்சருக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் அந்த இடம் முழங்கால்களுக்குக் கடினமானது, ஆனால் ஆட்டம் முழுவதையும் கண்முன் வைத்து நடத்தும் இடம். 2008இல் ஓர் ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் அவரை நிறுத்திப் பார்த்தார் மார்ட்டின். பின்னாளில் போசி தொழில்முறையில் சான் பிரான்சிஸ்கோ அணியின் கேட்சராக மூன்று உலகத் தொடர்களை வென்றார். ஒரு மாணவருக்கு அவர் கேட்டு வந்த இடத்தைவிடப் பொருத்தமான இடம் வேறொன்று இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது, வெற்றிக் கணக்கில் எங்குமே ஏறாத வேலை.

தாம்பரம் ஐயா, உங்கள் தனித்தாளில் பிட்சர்களின் பந்து எண்ணிக்கைப் பதிவேடு வைத்திருக்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள். வைத்திருந்தால் அது ஒரு கோப்பைக்கு ஈடு.

அடையாறு வாசகர் மீண்டும் எழுதியது:

அம்மா, அந்த 25 இன்னிங்ஸ் ஆட்டத்தன்று நான் ஆஸ்டினில்தான் இருந்தேன். நள்ளிரவு தாண்டியும் அரங்கில் ஒருவரும் எழுந்து போகவில்லை. வுட் ஒவ்வொரு இன்னிங்ஸும் முடித்துவிட்டு வரும்போது நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம். உங்கள் பதிலைப் படித்தபின் அந்தக் கைதட்டலைப் பற்றி வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த அரங்கில் இனிப் போதும் என்று எவரும் குரல் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை, நானும் கொடுக்கவில்லை.

பெரியவர் மாணவர்களின் வரிசையைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2004 இறுதித் தொடரில் கரீடோவின் டெக்சாஸ் யாரிடம் தோற்றது தெரியுமா? அவர் கட்டியெழுப்பிய ஃபுல்லர்ட்டனிடம். அதன் பயிற்சியாளர் ஜார்ஜ் ஹார்ட்டன், 1975இல் முதன்முதலாக ஒமாஹா சென்ற கரீடோவின் அணியில் ஆடியவர். பின்னர் அவருக்கே உதவியாளராக இருந்து, அவர் டெக்சாஸுக்குப் போனபோது அந்த இடத்தில் அமர்ந்தவர். இரண்டு ஆட்டங்களிலும் டெக்சாஸ் தோற்றது. அன்று எனக்குத் தாங்க முடியாத வருத்தம். இன்று பார்க்கும்போது, கரீடோவின் வெற்றிப் பட்டியலில் சேராத அந்தத் தோல்வியை அவருடைய ஆறாவது பட்டம் என்றே எழுதத் தோன்றுகிறது.

நந்தனம் பழைய மாணவர் எழுதியது:

மகன் தந்தையை வெல்வதைவிட மாணவன் ஆசானை வெல்வது அரிது. இது எனக்குத் தெரியாத செய்தி, நன்றி. மார்ட்டினுக்கும் அவருடைய மகனே அடுத்த பயிற்சியாளராக வந்தார் என்றாலும், அதனை இதற்கு இணையாக நான் சொல்லமாட்டேன்.

கீழ்ப்பாக்கம் அம்மாவின் பதிலுக்கு நான் ஏதும் எதிர்வாதம் வைக்கவில்லை. எங்கள் காலத்தில் பந்தை எண்ணும் வழக்கமே கிடையாது. முடிகிறதா என்று கேட்போம். முடியும் என்பான் பையன். அந்த வயதில் முடியாது என்று எவனும் சொல்லமாட்டான் என்பதைத் தெரிந்துகொண்டேதான் கேட்டோம்.

தாம்பரம் பயிற்றுநர் எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. இரண்டு நாள்களாகப் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துவைத்து, பெரியவர் சொன்னபடி தனித்தாளை எழுதி வருகிறேன். பேஸ்பால் அணியில் இருந்தவர்களில் ஆறு பேர் இன்று உடற்கல்வி ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஆவடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பெண்களுக்கான சாஃப்ட்பால் அணியைத் தொடங்கி, மட்டை வாங்கப் பணமில்லாத முதலாண்டில் எங்கள் பழைய மட்டைகளைக் கேட்டு வாங்கிச் சென்றது நினைவுக்கு வந்தது. கரீடோவா மார்ட்டினா என்று நான் தொடங்கிய கேள்விக்கு இன்னும் என்னால் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. மார்ட்டின் பக்கம் சாய்கிறேன். ஹார்ட்டன் கதையைப் படித்ததும் மறுபக்கம் போகிறேன்.

பந்து எண்ணிக்கைப் பதிவேடு என்னிடம் கடந்த நான்கு ஆண்டுகளுக்குத்தான் இருக்கிறது. அதற்கு முன் இல்லாமைக்குக் காரணம் எவருமல்லர், நானே. நான் கேள்வியில் குறிப்பிட்ட இரண்டாமிடம் கிடைத்த போட்டியில், அரையிறுதியும் இறுதியும் ஒரே நாளில் நடந்தன. எங்களிடம் நம்பத்தகுந்த பிட்சர் ஒருவர்தான். காலையில் முழு ஆட்டமும் வீசியவரையே பிற்பகலிலும் வீச வைத்தேன். ஐந்தாவது இன்னிங்ஸில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகும் இரண்டு இன்னிங்ஸ் வீச வைத்தேன். படிவத்தில் நான் எழுதவிருந்த ஒரே வரி அந்த இரண்டாமிடம்.

நேற்றிரவு அவரை அழைத்துப் பேசினேன். ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார், மகிழ்ச்சியாகத்தான் பேசினார். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பரணிலிருந்து எதையாவது எடுக்கும்போது மட்டும் வலிக்கும் சார், மற்றபடி ஒன்றுமில்லை என்றார். எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

கீழ்ப்பாக்கம் பிசியோ எழுதியது:

எட்டு ஆண்டுகள் என்பதால் கைவிட வேண்டியதில்லை, ஐயா. தலைக்கு மேல் தூக்கும்போது மட்டும் வலி என்றால், பெரும்பாலும் பயிற்சியாலேயே பெரிதும் குறைக்கலாம். எது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தனிச்செய்தியில் என் மருத்துவமனை முகவரியை அனுப்புகிறேன். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் அவரை வரச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் எடுத்த ஸ்கேன் ஏதேனும் இருந்தால் கையோடு கொண்டுவரட்டும். முடிந்தால் நீங்களும் உடன் வாருங்கள்.